இந்தியாவில் ஆன்லைன் ஷாப்பிங்: வாங்குவோரும் விற்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாங்குவோரின் கேள்விகளையும் சிறு விற்பனையாளர்களின் கேள்விகளையும் இங்கே பிரித்துப் போடவில்லை. ஒருவருக்கு வசதியாக இருப்பது இன்னொருவர் கணக்கில் செலவாக விழுவதுதான் இந்த வியாபாரம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

ஆன்லைனில் வாங்கும் பழக்கம் நம் நாட்டில் எப்போது வந்தது?

1990களின் கடைசியிலேயே தளங்கள் வந்துவிட்டன. வாங்கத்தான் ஆள் இல்லை. பணத்தை முன்னால் கட்டிவிட்டுக் காத்திருக்கும் துணிச்சலை மக்களுக்கு முதலில் பழக்கிவிட்டது ரயில் டிக்கெட். ஐஆர்சிடிசி 2002 ஆகஸ்டில் இணைய முன்பதிவைத் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அந்த டிக்கெட்டே கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது. கட்டிய பணத்துக்கு டிக்கெட் தவறாமல் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் மற்றதிலும் கை வைத்தார்கள்.

பெங்களூரில் 2007இல் பிளிப்கார்ட் புத்தகத்தோடு தொடங்கியதும் யோசித்துச் செய்த வேலை. எங்கே வாங்கினாலும் அதே புத்தகம்தான். போட்டுப் பார்க்க வேண்டாம், தட்டிப் பார்க்க வேண்டாம், பெட்டியில் போட்டு அனுப்பினால் உடையாது. 2010இல் அவர்கள் கேஷ் ஆன் டெலிவரி கொண்டுவந்தார்கள். 2013 ஜூனில் அமேசான் இந்தியத் தளத்தைத் திறந்தது. 2014 அக்டோபர் 6 அன்று நடந்த முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையில் கூட்டம் தாங்காமல் பிளிப்கார்ட் தளம் திணறியது. நிறுவனர்கள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதமே அனுப்ப வேண்டியதாயிற்று. ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

கேஷ் ஆன் டெலிவரி இல்லாவிட்டால் இது வளர்ந்தே இருக்காதா?

இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது. கார்டு வைத்திருந்தவர்களே அன்று குறைவு. 2009 ஆகஸ்டிலிருந்து ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்குக் கூடுதல் கடவுச்சொல்லை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. பாதுகாப்புக்கு நல்ல விதிதான். ஆனால் அன்றைய நெட் வேகத்தில் வங்கிப் பக்கம் திறப்பதற்குள் பாதியில் நின்றுவிடும். பணம் போனதா, ஆர்டர் விழுந்ததா என்று இரண்டுமே தெரியாது. பொருள் கைக்கு வந்த பிறகு காசு என்றதும் அந்தப் பயம் மொத்தமும் வாங்குபவர் தலையிலிருந்து இறங்கியது. இறங்கிய சுமை விற்பவர் தலையில் போய் உட்கார்ந்தது. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

ஜியோவும் யூபிஐயும் வந்த பிறகுதான் கிராமங்களுக்குப் போனதா?

பெரும்பாலும் ஆமாம். 2016 ஏப்ரலில் யூபிஐ அறிமுகமானது. ஆகஸ்டில் வங்கிகளின் யூபிஐ செயலிகள் வந்தன, செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம். ஒரே ஆண்டில் டேட்டாவும் மலிவாகி, காசு அனுப்பும் வழியும் கைக்கு வந்தது. இதோடு சேர்த்து வாட்ஸ்அப்பையும் சொல்ல வேண்டும். புடவை, நைட்டி, கவரிங் நகைப் படங்களைக் குரூப்பில் போட்டு, ஆர்டர் பிடித்து, கொஞ்சம் லாபம் வைத்து விற்ற பெண்கள் ஏராளம். தளத்தை நம்பாதவர்கள் தெரிந்த அக்காவை நம்பி வாங்கினார்கள். 2015இல் தொடங்கிய மீஷோ இந்தப் பழக்கத்தின் மேல்தான் வளர்ந்தது.

கையில் யூபிஐ இருந்தும் மக்கள் ஏன் இன்னும் கேஷ் ஆன் டெலிவரி கேட்கிறார்கள்?

காசு அனுப்பத் தெரியாததால் அல்ல. வாசலில் நின்று டெலிவரி செய்பவரின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யூபிஐயில் கட்டுபவர்கள் எத்தனையோ பேர். ரீஃபண்டுக்கு யார் பின்னாலும் அலைய வேண்டாம் என்பதே காரணம். தெரியாத கடை என்றால் அது நியாயமான எச்சரிக்கையும்கூட.

சிறு விற்பனையாளர் நாங்கள். ஆர்டர் நிறைய வருகிறது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஏன்?

திரும்பி வரும் பார்சல்களைப் பாருங்கள். வாடிக்கையாளர் வாங்காமலே திரும்புவதை 'ரிட்டர்ன் டு ஆரிஜின்', சுருக்கமாக ஆர்டிஓ என்பார்கள். வாங்கிப் பிரித்துப் பார்த்த பிறகு அனுப்புவது ரிட்டர்ன். இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு.

உதாரணத்துக்கு ஒரு குர்தி. விற்பனை விலை ₹500, கொள்முதல் ₹330, அனுப்பும் கூலி ₹60, திரும்பினால் வரும் கூலி ₹50, பேக்கிங் ₹15 என்று வையுங்கள். கமிஷனை இப்போதைக்கு விட்டுவிடலாம். வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டால் உங்களுக்கு ₹95. வாங்காமல் திரும்பினால் 60, 50, 15 சேர்ந்து ₹125 நஷ்டம்.

100 ஆர்டரில் 25 திரும்பினால்: 75 × 95 = ₹7,125. அதில் 25 × 125 = ₹3,125 கழித்தால் மிச்சம் ₹4,000.

40 திரும்பினால்: 60 × 95 = ₹5,700. கழிக்க வேண்டியது ₹5,000. மிச்சம் வெறும் ₹700.

43 வரை எப்படியோ தலை தப்பும். 44வது பெட்டி திரும்பியதும் கைக்காசு போகிறது. திரும்பிய துணியெல்லாம் மறுபடி விற்கும் நிலையில் இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மழைக்காலத்தில் நனைந்து, பத்து நாள் கிடங்கில் கிடந்து, மடிப்பில் கறையோடு வரும் பெட்டிகளை இதில் சேர்க்கவில்லை.

ஆர்டிஓவைக் குறைக்க உண்மையில் பலன் தருபவை சில. ஆர்டர் வந்த ஒரு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் முகவரியை அனுப்பி உறுதி கேளுங்கள். மறுநாள் கேட்டால் வாங்கியவருக்கே ஆர்டர் மறந்திருக்கும். முன்பணம் கட்டுபவருக்கு ₹20, ₹30 குறையுங்கள், அது ₹125ஐவிட மலிவு. கூரியர் நிறுவனத்தின் 'டெலிவரி ஆகவில்லை' பட்டியலைத் தினமும் காலையில் பாருங்கள். 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று எழுதியிருப்பார்கள். போன் போட்டால் 'யாருமே வரலையே' என்பார். உடனே மறுமுயற்சிக்குப் போட்டால் பாதிப் பெட்டிகளையாவது காப்பாற்றலாம். திரும்பத் திரும்ப வாங்காமல் விடும் பின்கோடுகளுக்கு மட்டும் கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்திவிடுங்கள்.

ரிட்டர்னுக்கு மருந்து படத்திலும் அளவிலும் இருக்கிறது. 'எக்ஸெல்' என்று மட்டும் போடாதீர்கள். மார்புச் சுற்று, நீளம், தோள் அகலம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். நிறத்துக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமாவது இருக்கட்டும்.

பொருள் 800 கிராம்தான். கூரியரில் 3 கிலோவுக்குப் பில் போடுகிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று அல்ல, கொள்ளளவு எடை. வண்டியில் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் காசு. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான முறை. 30 × 25 × 20 பெட்டி என்றால் 15,000. வகுத்தால் 3 கிலோ. உண்மை எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அதே பொருள் 25 × 20 × 10 பெட்டியில் அடங்குமானால் 1 கிலோ. கடையில் சும்மா கிடைத்த பெரிய அட்டைப்பெட்டியை மிச்சம் என்று நினைத்துப் பயன்படுத்துபவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். மூன்று அளவில் பெட்டி வாங்கி வையுங்கள். ஒட்டிய பெட்டியைத் தராசிலும் டேப்பிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடைத் தகராறு வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

ஆன்லைனில் விற்க ஜிஎஸ்டி கட்டாயமா?

வெளி மாநிலத்துக்கும் பொருள் அனுப்பித் தளங்கள் வழியாக விற்பதானால், விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு உண்டு. ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருந்து (தமிழ்நாட்டில் பொருட்களுக்கு ₹40 லட்சம்), ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள் பதிவு இல்லாமல், பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கி விற்கலாம். கேரளாவுக்கு ஒரு பார்சல் போனாலும் இந்தச் சலுகை பொருந்தாது.

பதிவு பெற்றவர்களுக்குத் தளம் உங்கள் விற்பனைப் பணத்தில் 0.5 சதவீதத்தை ஜிஎஸ்டி கணக்கில் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும், இதை டிசிஎஸ் என்பார்கள். 2024 ஜூலை வரை இது 1 சதவீதமாக இருந்தது. வருமான வரிக் கணக்கில் பிடிக்கும் 0.1 சதவீதம் டிடிஎஸ் தனி. இரண்டும் உங்கள் காசு. வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுபவர்கள் நிறைய. ஊறுகாய், பொடி, பலகாரம் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் வேண்டும்.

பெரிய தளங்கள் தாங்களே ஏன் நேரடியாக விற்பதில்லை? எப்போதும் வேறொரு 'செல்லர்' பெயர் இருக்கிறதே?

அந்நிய முதலீட்டு விதிதான் காரணம். சந்தையாக மட்டும் இயங்கும் தளத்தில் 100 சதவீத அந்நிய முதலீடு போடலாம். சொந்தச் சரக்கை வைத்து நுகர்வோருக்கு விற்கும் தளத்தில் போட முடியாது. 2016இல் வந்த இந்த விதிகளை 2019 பிப்ரவரி 1 முதல் இன்னும் இறுக்கினார்கள். தளம் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் அதே தளத்தில் விற்கக் கூடாது என்று வந்தது அப்போதுதான். வால்மார்ட் 1,600 கோடி டாலருக்குப் பிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்குவதாக அறிவித்தது அதற்கு முந்தைய 2018 மே மாதம். விதி எழுத்தில் தெளிவு. நடைமுறையில் அது எவ்வளவு பிடிக்கிறது என்பதில் வியாபாரச் சங்கங்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒரே ஊரில் பக்கத்துத் தெருவுக்கு வருகிறார்கள், எங்கள் தெருவுக்கு வருவதில்லை. என்ன செய்வது?

கூரியர் நிறுவனங்கள் பின்கோடை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. 1972 ஆகஸ்ட் 15 அன்று தபால்களைப் பிரிக்கக் கொண்டுவந்த ஆறு இலக்கம் அது. வீட்டைக் கண்டுபிடிக்க வந்ததல்ல. ஒரே பின்கோடில் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள் இருக்கும்.

முகவரி எழுதுவதில் கொஞ்சம் கவனம் வையுங்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் போடுங்கள். 'அம்மன் கோவில் பக்கத்தில்' என்று மட்டும் எழுதினால் அந்தப் பின்கோடுக்குள் நாலு அம்மன் கோவில் இருக்கும், அம்மன் பெயரையும் தெருவையும் சேர்த்து எழுதுங்கள். மெயின் ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அடையாளம் நல்லது. டீக்கடை வேண்டாம், ரேஷன் கடையோ தண்ணீர்த் தொட்டியோ சரி. இரண்டாவது போன் எண் கட்டாயம். யாருமே வராத ஊர் என்றால் விற்பவரிடம் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். அஞ்சல் துறை போகாத ஊர் அபூர்வம். ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை அஞ்சல் துறை 2025இல் வெளியிட்டது.

பணம் போய்விட்டது, ஆர்டர் விழவில்லை. உடனே மறுபடி கட்டலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் 'மை ஆர்டர்ஸ்' பக்கத்தையும் வங்கி எஸ்எம்எஸ்ஸையும் பாருங்கள். அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஆர்டர் உறுதியாவது சாதாரணம். அதற்குள் மறுபடி கட்டினால் இரண்டு பொருள் வரும்.

ஆர்டர் விழவே இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். யூபிஐக்கும் ஆன்லைன் கார்டுக்கும் இதுதான் கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. பரிவர்த்தனை எண்ணோடு வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

பெட்டிக்குள் செங்கல், சோப்பு என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். எப்படிப் பாதுகாப்பது?

விலை அதிகமான பொருளுக்கு 'ஓபன் பாக்ஸ் டெலிவரி' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெலிவரி செய்பவரே பிரித்துக் காட்டுவார். பார்த்து முடிக்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஓடிபி சொல்லிவிட்டால் 'சரியாக வந்தது' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டது போல.

மற்றபடி வீடியோதான். ஆனால் வீடியோ எடுத்தும் புகார் நிற்காமல் போவதற்குக் காரணம், பெட்டியைப் பாதி பிரித்த பிறகு கேமராவை ஆன் செய்வது. டேப்பில் கத்தி வைக்கும் முன்பே தொடங்குங்கள். பெட்டியின் ஆறு பக்கத்தையும், லேபிளில் உள்ள பெயர், பார்சல் எண், எடையையும் காட்டுங்கள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக, பொருள் வெளியே வரும் வரை எடுங்கள். போன் என்றால் பில்லில், பெட்டியில், போனில் என மூன்று இடத்திலும் ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) ஒன்றுதானா என்று பாருங்கள். புகார் முடியும்வரை அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.

'நோ ரிட்டர்ன்' என்று போட்டிருந்தார்கள். பொருள் பழுது. அவ்வளவுதானா?

இல்லை. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, பழுதான, போலியான, விவரித்ததற்கு மாறான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைக் கொடுக்கவோ விற்பவர் மறுக்க முடியாது. சொன்ன தேதியைத் தாண்டி வந்தாலும் அப்படியே. இயற்கைச் சீற்றம் போன்றவற்றால் ஏற்பட்ட தாமதம் மட்டும் விலக்கு. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் சட்டம் துணைக்கு வராது. அது கடையின் பெருந்தன்மை.

புகாரை எங்கே, எந்த வரிசையில் கொடுப்பது?

முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு. அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருந்தே ஆக வேண்டும். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சாட்டில் வரும் தானியங்கிப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பேசித் தீர்க்கும் இடம். ஆனாலும் இங்கேயே முடிந்துவிடும் புகார்கள் பல.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ₹5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிக்கல் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

மோசடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தீபாவளிப் பட்டாசை எடுத்துக்கொள்ளுங்கள். 'சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி' என்று ஆண்டுதோறும் புதிய தளங்கள் முளைக்கின்றன. மின்வணிகத் தளங்கள் ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது. ஆக, 'இது மோசடியா' என்பது பணம் கட்டும் முன்பே பதில் தெரிந்த கேள்வி. தள்ளுபடியைப் பார்த்ததும் இந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றுவதில்லை என்பதுதான் வேதனை.

மற்றவை சுருக்கமாக. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. ரீஃபண்ட் தருகிறேன், பின் போடுங்கள் என்றால் போனை வையுங்கள். 'முகவரி சரியில்லை, ₹5 கட்டுங்கள்' என்ற எஸ்எம்எஸ் லிங்கைத் தொடாதீர்கள். பார்சல் வருகிறது, ஸ்டாரும் எண்களும் கலந்த ஒரு நம்பரை டயல் செய்யுங்கள் என்று சொன்னால், அது உங்கள் அழைப்புகளைத் திருப்பிவிடும் வழியாக இருக்கலாம். காசு போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. நாளை காலை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்பது உண்மையா?

சில நேரம் உண்மை. பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் காட்டுவது உள்ளிட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915இல் புகார் செய்யலாம்.

பத்து நிமிடத்தில் எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

வண்டி வேகத்தால் அல்ல, கடை பக்கத்தில் இருப்பதால். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு சிறு கிடங்கு. வாடிக்கையாளர் உள்ளே வர முடியாது, அதனால் 'டார்க் ஸ்டோர்' என்பார்கள். எந்த ரேக்கில் எது என்று கைக்கருவி காட்டும், ஓரிரு நிமிடத்தில் பை கட்டிவிடுவார்கள். நெருக்கமாக வீடுகள் இருந்து நாள் முழுக்க ஆர்டர் விழும் இடத்தில்தான் இது கட்டுப்படியாகும். உங்கள் தாலுகா தலைநகருக்கு வரவில்லை என்றால் காரணம் அதுதான்.

அப்படியானால் அண்ணாச்சிக் கடைகள் மூடிவிடுமா?

முதலில் அடி வாங்கியது செல்போன் கடைகள். புது மாடல் ஆன்லைனில் மட்டும் கிடைத்த காலத்தில் அவர்களிடம் கவரும் சார்ஜரும்தான் மிஞ்சின. மளிகை வேறு விதம். நகரங்களில் அதற்குப் போட்டி இப்போது பத்து நிமிட டெலிவரியிடமிருந்து வருகிறது. பால், பிஸ்கட், ஷாம்பு என்று தினம் விற்பதைத்தான் அது கொண்டுபோகிறது. மாதக் கணக்கு நோட்டு, அரை மூடி தேங்காய், பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை கொத்தமல்லி, 'சம்பளம் வந்ததும் தாங்க' என்ற வார்த்தை ஆகியவற்றை எந்தச் செயலியும் இன்னும் தரவில்லை. சில ஊர்களில் ஆள் இல்லாத வீட்டுப் பார்சலை அண்ணாச்சியே கல்லாவுக்குப் பின்னால் வாங்கி வைக்கிறார். அதை எடுக்க வருபவர் அப்படியே கால் கிலோ வெங்காயமும் வாங்கிக்கொண்டு போகிறார்.